கீழே போகப் போக வேறு கடல்: வாசகர் கேள்வி பதில்

தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் கடற்கரை கிடையாது. ஆனாலும் போன இதழில் "கடலின் ஆழம் பற்றிக் கேளுங்கள்" என்று ஒரு வரி போட்டதற்கு ஓசூரிலிருந்து அரூர் வரை கேள்விகள் வந்து சேர்ந்துவிட்டன, ரொம்பச் சந்தோஷம். பெரும்பாலான கேள்விகளில் ஒரே எண்ணம் இருந்தது. கடல் என்பது மேலிருந்து அடி வரை ஒரே தண்ணீர், கீழே கொஞ்சம் இருட்டாக இருக்கும், அவ்வளவுதான் என்ற எண்ணம். அப்படி இல்லை. வெப்பம், வெளிச்சம், உப்பு, ஆக்சிஜன், சாப்பாடு எல்லாமே ஆழத்துக்கு ஆழம் மாறும், அங்கே வாழும் உயிர்களும் கூடவே மாறும். இன்னொன்று, அடியில் இருப்பதில் முக்கால்வாசி மேலிருந்து போய்ச் சேர்ந்ததுதான். கேள்விகளுக்குப் போகலாம்.

எங்க கொல்லையில 1,200 அடிக்கு போர் போட்டோம். தண்ணி வெதுவெதுன்னு வருது. பூமிக்குள்ள போகப் போகச் சூடுன்னா கடலோட அடித் தண்ணி கொதிக்கணுமே, அங்கே மட்டும் ஏன் குளிருது?
– விவசாயி, பென்னாகரம்

உங்கள் போர் தண்ணீர் வெதுவெதுப்பாக வருவதும் சரி, கடலடி குளிர்வதும் சரி. பூமிக்குள் இறங்க இறங்கப் பாறை சூடாகும். உலகின் பல இடங்களில் ஒரு கிலோமீட்டருக்கு 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை கூடுகிறது, நம் பக்கத்துப் பழைய கெட்டிப் பாறையில் அதைவிடக் குறைவாகவே கூடும். உங்கள் 1,200 அடி என்றால் சுமார் 365 மீட்டர். அங்கே பாறை இடுக்குகளில் தண்ணீர் வருஷக்கணக்கில் தேங்கிக் கிடந்து, பாறையின் சூட்டை வாங்கி வைத்துக்கொள்கிறது.

கடல் தண்ணீர் அப்படி ஒரே இடத்தில் கிடப்பதில்லை, அதற்குக் கீழிருந்து வரும் சூடும் ரொம்பச் சொற்பம். கடலடிப் பாறையிலிருந்து ஒரு சதுர மீட்டருக்கு வருவது சராசரியாக ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்குதான். நடுப்பகல் வெயிலோ அதே ஒரு சதுர மீட்டரில் சுமார் 1,000 வாட் இறக்குகிறது. ஆக, கடலைச் சூடாக்குவது மேலே இருக்கும் சூரியன். சூடான தண்ணீர் லேசானது, மேலேயே மிதந்துகொண்டிருக்கும், கீழே இறங்காது. வங்காள விரிகுடாவில் மேல் தண்ணீர் 28, 29 டிகிரி இருக்கும்போது 200 மீட்டர் ஆழத்தில் 15 டிகிரியை ஒட்டி வந்துவிடும். 1,000 மீட்டரில் 6 அல்லது 7, 3,000 மீட்டருக்கு அப்புறம் 2 டிகிரிக்கும் கீழே.

வெயில் படாததால் மட்டும் இவ்வளவு குளிர் வந்துவிடாது. அண்டார்டிகாவை ஒட்டிய கடலில் மேல் தண்ணீர் உறையும்போது, பனிக்கட்டி உப்பைப் பெரும்பாலும் வெளியே தள்ளிவிட்டுத்தான் உறைகிறது. அதனால் மிச்சமிருக்கும் தண்ணீருக்கு உப்பும் அதிகம், குளிரும் அதிகம், எடையும் அதிகம். அது அப்படியே அடிக்கு இறங்கி, தரையோடு தரையாக வடக்கு நோக்கி மெல்ல நகர்ந்து வருகிறது. இந்தப் பயணம் பல நூறு ஆண்டுகள் பிடிக்கும். சென்னைக்குக் கிழக்கே ஆழ்கடலில் இன்று கிடக்கும் அடித் தண்ணீர், சோழர் காலத்தை ஒட்டி அண்டார்டிகா பக்கம் மேலே இருந்த தண்ணீராக இருக்கலாம். அது குளிரோடு ஆக்சிஜனையும் கரைத்து எடுத்து வருகிறது. ஆழத்தில் உயிர்கள் மூச்சுவிட முடிவதே அந்தத் தண்ணீரால்தான், எனவே அந்தக் குளிரை நான் பெரிய கொடையாகவே பார்க்கிறேன்.

என் பையன் ஆறாவது படிக்கிறான். கடலுக்குள்ள வெளிச்சம் எவ்வளவு தூரம் போகும், இருட்டுல மீனுக்குக் கண் எதுக்குன்னு கேக்கறான். எனக்கு பதில் சொல்லத் தெரியல.
– இல்லத்தரசி, அரூர்

பையனிடம் முதலில் நிறத்தைப் பற்றிச் சொல்லுங்கள் அம்மா. வெயிலில் எல்லா நிறமும் கலந்திருக்கிறது, தண்ணீர் அதை ஒவ்வொன்றாகக் குடித்துவிடும். சிவப்பு பத்துப் பதினைந்து மீட்டரிலேயே ஏறக்குறையப் போய்விடும், அப்புறம் ஆரஞ்சு, மஞ்சள், பச்சை. நீலம்தான் கடைசி வரை தாக்குப்பிடிக்கும். தெளிந்த கடலிலேயே 200 மீட்டருக்குக் கீழே தாவரங்கள் பிழைக்க வெளிச்சம் போதாது. 200 முதல் 1,000 மீட்டர் வரை மங்கலான நீலம், கண் இருந்தால் மேலே எதாவது நகர்வது தெரியும். 1,000 மீட்டருக்குக் கீழே சூரிய வெளிச்சம் என்று எதுவுமே கிடையாது, பகலும் ஒன்றுதான் இரவும் ஒன்றுதான். உலகக் கடலின் சராசரி ஆழம் சுமார் 3,700 மீட்டர் என்று தெரிந்துகொண்டால், பூமியில் உயிர்கள் வாழும் இடத்தில் பெரும்பகுதி முழு இருட்டு என்பது புரியும்.

அந்த இருட்டில் கண் எதற்கு என்றால், அங்கே இருக்கும் உயிர்களே வெளிச்சம் போடுகின்றன. 2017இல் வெளியான ஓர் ஆய்வில், கலிபோர்னியாவை ஒட்டிய கடலில் தண்ணீருக்குள் படம்பிடித்த உயிர்களில் சுமார் நான்கில் மூன்று பங்கு, தானே ஒளிவிடும் இனங்கள் என்று கணக்கு வந்தது. மின்மினி போல எங்கோ ஓர் அபூர்வம் இல்லை, ஆழ்கடலில் அதுதான் சாதாரணம். தூண்டில் மீன் என்று படங்களில் பார்த்திருப்பான், தலைக்கு முன்னால் ஒரு ஒளிப்பொட்டைத் தொங்கவிட்டு இரையை வரவழைக்கும். எனக்குப் பிடித்தது அதைவிடச் சின்ன விளக்கு மீன். அரபிக்கடலில் இவை ஏராளம். வயிற்றுப் பக்கம் வரிசையாக ஒளிப்புள்ளிகள் இருக்கும். கீழே இருக்கும் எதிரி அண்ணாந்து பார்த்தால் மங்கலான நீலத்தில் மீனின் நிழல் கருப்பாகத் தெரியும் இல்லையா, அந்த நிழலே தெரியாமல் போகும்படி மேலே இருக்கும் வெளிச்சத்தின் அளவுக்குத் தன் வயிற்று வெளிச்சத்தைச் சரிசெய்துகொள்ளும். ஒளிந்துகொள்வதற்காக விளக்கு ஏற்றுகிற உயிர்!

சிவப்பு நிறத்துக்கும் இங்கே ஒரு வேலை உண்டு. ஆழத்தில் இறால், ஜெல்லி மீன் என்று நிறைய சிவப்பு உயிர்கள் இருக்கின்றன. அங்கே சிவப்பு வெளிச்சம் இல்லாததால் அவை கருப்பாகத்தான் தெரியும், அதாவது கண்ணுக்கே படாது. சில டிராகன் மீன்கள் மட்டும் கண்ணுக்குக் கீழே சிவப்பு ஒளி வைத்திருக்கின்றன, அந்த ஒளி அவற்றுக்குத் தெரியும், இரைக்குத் தெரியாது.

இன்னும் ஒன்று. ராத்திரி ஆனதும் இந்த மங்கல் பகுதியிலிருந்து கூனிப்பொடி போன்ற சிற்றுயிர்கள், சின்ன மீன்கள், கணவாய்கள் என்று கணக்கே இல்லாத உயிர்கள் சாப்பிட மேலே ஏறி வந்து, விடிவதற்குள் கீழே இறங்கிவிடும். பூமியில் நடக்கும் மிகப் பெரிய விலங்கு இடப்பெயர்ச்சி இதுதான், தினமும் நடக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஒலி அனுப்பி ஆழம் பார்த்தவர்களுக்கு நடுக்கடலில் பகலில் 300, 400 மீட்டரிலேயே தரை தட்டியது போலக் காட்டியது, அந்தத் 'தரை' ராத்திரியில் மேலே ஏறியது. அது தரை இல்லை, உயிர்களின் கூட்டம்.

ஒகேனக்கல்ல பரிசல் ஓட்டுறவங்க கழி விட்டு ஆழம் பாப்பாங்க. கடலை எப்படி அளந்தாங்க? எவ்வளவு ஆழம்?
– கல்லூரி மாணவர், பாப்பாரப்பட்டி

முதலில் கயிறுதான் தம்பி. 1875இல் சாலஞ்சர் என்ற பிரிட்டிஷ் கப்பல், பசிபிக்கில் மரியானா அகழி என்ற கடலடிப் பள்ளத்தின் பக்கம் எடை கட்டிய கயிற்றை இறக்கி 8,184 மீட்டர் என்று அளந்தது. ஒரு தடவை இறக்கி ஏற்றவே மணிக்கணக்கில் ஆகும் வேலை, நினைத்தாலே மலைப்பாக இருக்கிறது. அப்புறம் ஒலி வந்தது. தண்ணீரில் ஒலி விநாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் ஓடும், காற்றில் ஓடுவதைவிட நான்கு மடங்குக்கும் மேல். மேலிருந்து ஒலி அனுப்பி, தரையில் பட்டுத் திரும்ப எவ்வளவு நேரம் என்று பார்த்தால் ஆழம் தெரிந்துவிடும். மரியானா அகழியின் மிக ஆழமான இடம் கிட்டத்தட்ட 10,900 மீட்டர், அங்கே ஒலி போய்த் திரும்ப 14 விநாடிக்கு மேல் பிடிக்கும். 8,849 மீட்டர் எவரெஸ்டைத் தூக்கி அதில் வைத்தால் சிகரத்துக்கு மேல் இன்னும் 2 கிலோமீட்டர் தண்ணீர் நிற்கும்.

ஆழத்துல இருக்கிற அழுத்தத்துல நீர்மூழ்கிக் கப்பலே நசுங்கிடும்னு படிச்சேன். அப்போ மீன் எப்படி நசுங்காம இருக்கு?
– பிளஸ் டூ மாணவி, கிருஷ்ணகிரி

கணக்கு எளிது. தண்ணீரில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். கே.ஆர்.பி. அணை நிறைந்தால் 52 அடி, அதாவது கிட்டத்தட்ட 16 மீட்டர், அடியில் கூடுதலாக ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல். மேட்டூர் 120 அடி நிறைந்தால் மூன்றரை மடங்குக்குச் சற்று மேல். கடலில் 4,000 மீட்டரில் 400 மடங்கு, மரியானா அகழியின் அடியில் ஆயிரத்தைத் தாண்டும்.

நசுங்குவது எது என்றால், காற்று அடைத்த கூடு. நீர்மூழ்கிக் கப்பலுக்குள் மனிதர்கள் மூச்சுவிட நாம் இருக்கும் இடத்துக் காற்றழுத்தமே இருக்கும், வெளியே பல மடங்கு அழுத்தம் அமுக்கும், நடுவில் இரும்புச் சுவர் ஒன்றுதான் தாங்க வேண்டும். மீனின் உடம்பு பெரும்பாலும் தண்ணீர், தண்ணீரை அமுக்கினால் பெரிதாகச் சுருங்காது. உள்ளேயும் வெளியேயும் அழுத்தம் ஒன்றாக இருந்தால் நசுங்க இடமில்லை. பல ஆழ்கடல் மீன்களுக்குக் காற்றுப் பையே கிடையாது, உடம்பு கொழகொழவென்று இருக்கும்.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. உடம்பு நசுங்காவிட்டாலும், அழுத்தம் உடம்பின் செல்களுக்குள் போய்ப் புரதங்களின் வடிவத்தைக் கெடுக்கும், புரதம் வடிவம் கெட்டால் வேலை செய்யாது. அதைத் தடுக்க மீன்கள் டிஎம்ஏஓ என்ற ஒரு சின்ன மூலக்கூறை உடம்பில் சேர்த்து வைக்கின்றன. ஆழம் கூடக் கூட அதன் அளவும் கூடிக்கொண்டே போகும். உனக்கு இது ஏற்கெனவே தெரிந்த பொருள்தான் அம்மா: கடல் மீன் பழசானால் ஒரு கவிச்சை வாடை வருகிறதே, அது இந்த டிஎம்ஏஓவை பாக்டீரியா சிதைப்பதால் வருவது. டேம் மீனில் இந்தப் பொருள் மிகக் குறைவு, அதனால்தான் அணைப் பக்கம் கடையில் வாங்கும் மீனுக்கும் வண்டியில் ஐஸ் போட்டு வரும் கடல் மீனுக்கும் வாடை வேறாக இருக்கிறது.

இந்தப் பொருளை எவ்வளவு வேண்டுமானாலும் சேர்க்க முடியாது. ஓர் அளவுக்கு மேல் சேர்ந்தால் உடம்புத் தண்ணீர் கடலைவிட அடர்த்தியாகி, வெளித் தண்ணீர் உள்ளே புகுந்துகொண்டே இருக்கும். அந்த எல்லை 8,200 முதல் 8,400 மீட்டருக்குள் வரும் என்று விஞ்ஞானிகள் கணக்குப் போட்டுச் சொல்லியிருந்தார்கள். 2022இல் ஜப்பானை ஒட்டிய இசு-ஒகசவாரா அகழியில் 8,336 மீட்டரில் ஒரு நத்தை மீன் நீந்துவதைக் கேமரா படம்பிடித்தது. இதுவரை படமெடுத்த மீன்களில் அதுதான் அதிக ஆழத்தில் இருந்தது. கணக்கும் மீனும் இவ்வளவு பொருந்திப் போனதைப் படித்தபோது எனக்குப் புல்லரித்தது. அதற்கும் கீழே, மரியானா அகழியின் அடியிலேயே, இறாலுக்குத் தூரத்து உறவான சின்ன ஆம்பிபாடுகள் வாழ்கின்றன.

செடி இல்ல, வெயில் இல்ல. அடியில இருக்கறது என்னத்தைச் சாப்பிடும்?
– தக்காளி வியாபாரி, பாலக்கோடு

மேலே இருப்பவர்கள் விட்ட மிச்சத்தை. மேல் அடுக்கில் நுண்பாசிகள் வெயிலைக் கொண்டு வளர்கின்றன, அவற்றைச் சிற்றுயிர்கள் தின்கின்றன, செத்தது, கழிவு, உரித்த தோல் எல்லாம் சேர்ந்து சின்னச் சின்னத் துணுக்குகளாக ராத்திரி பகலாகக் கீழே உதிர்ந்துகொண்டே இருக்கும். கடல்பனி என்று பெயர். அடிக்குப் போய்ச் சேர வாரக்கணக்கில் ஆகும், வழியில் இருப்பவர்கள் எல்லாம் எடுத்துத் தின்றது போக ஆழ்கடல் தரைக்கு வருவது மேலே விளைந்ததில் நூற்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான். அதனால் அங்கே எல்லாமே மெதுவாக வளரும், மெதுவாக நகரும், ஒரு வாய் கிடைத்தால் விடாது. எப்போதாவது ஒரு திமிங்கலம் செத்து விழுந்தால் அது பல பத்து ஆண்டுகளுக்குச் சாப்பாடு, எலும்பை மட்டும் தின்று வாழும் புழுக்களே அதற்கென்று இருக்கின்றன.

சில இடங்களில் மட்டும் இந்தக் கணக்கு மாறும். 1977இல் கலபகாஸ் தீவுகளுக்குப் பக்கத்தில் சுமார் 2,500 மீட்டர் ஆழத்தில் வெந்நீர் ஊற்றுகள் இருக்குமா என்று பார்க்க ஆல்வின் என்ற கலத்தில் புவியியலாளர்கள் இறங்கினார்கள். ஊற்று இருந்தது, அதைச் சுற்றிப் பெரிய பெரிய சிப்பிகள், வெள்ளை நண்டுகள், சிவப்புக் கொண்டையோடு ஆளுயரக் குழாய்ப் புழுக்கள்! உயிர்களைப் பார்ப்போம் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை, அந்தக் குழுவில் ஒரு உயிரியலாளர் கூட இல்லை, மாதிரிகளைக் கெடாமல் வைக்கக் கையிலிருந்த வோட்காவையும் பயன்படுத்த வேண்டியிருந்தது. அந்தக் குழாய்ப் புழுவுக்கு வாயும் கிடையாது, குடலும் கிடையாது. அதன் உடம்புக்குள் இருக்கும் பாக்டீரியாக்கள் ஊற்றிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்பைடைக் கொண்டு உணவு தயாரித்துக் கொடுக்கின்றன. சூரியன் இல்லாமலும் ஒரு விளைச்சல் உண்டு என்று உலகத்துக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான். பென்னாகரம் ஐயா கேட்ட 'கொதிக்கும் தண்ணீர்' இந்த மாதிரி இடங்களில் மட்டும் உண்டு. சில ஊற்றுகளில் 350 டிகிரிக்கும் மேல், ஆனாலும் மேலே இருக்கும் அழுத்தத்தால் அது ஆவியாகாது. நம் இந்தியப் பெருங்கடலிலும் இருக்கின்றன, 2024 டிசம்பரில் இந்திய விஞ்ஞானிகள் சுமார் 4,500 மீட்டர் ஆழத்தில் ஓர் ஊற்றைப் படம்பிடித்தார்கள்.

வெள்ளம் வந்தா எங்க தென்பெண்ணைத் தண்ணி எல்லாம் கடலூர் பக்கம் போயி கடல்ல வீணாக் கலக்குது. வயிறு எரியுது. அந்தத் தண்ணியால கடலுக்கு என்ன பிரயோஜனம்?
– மாந்தோப்பு வைத்திருப்பவர், காவேரிப்பட்டணம்

கோடையில் மாமரத்துக்கு லாரித் தண்ணீர் வாங்கி ஊற்றும் ஊரில் இந்த ஆதங்கம் நியாயமானதுதான். ஏரிகளைத் தூர்வாரி நிரப்ப வேண்டும், அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் 'வீண்' என்ற வார்த்தையை மட்டும் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை, ஏனென்றால் ஆற்றுத் தண்ணீர் வங்காள விரிகுடாவின் குணத்தையே தீர்மானிக்கிறது. தென்பெண்ணையின் பங்கு சின்னது. கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி, கோதாவரி, கிருஷ்ணா எல்லாம் சேர்ந்து கொட்டுவதுதான் பெரிது.

பொதுவாகக் கடலில் ஒரு கிலோ தண்ணீருக்கு 35 கிராம் உப்பு. மழைக்காலம் முடிந்த கையோடு வங்காள விரிகுடாவின் வடக்கே மேல் தண்ணீரில் உப்பு 30 கிராமுக்கும் கீழே போய்விடும். உப்பு குறைந்த தண்ணீர் லேசானது, கீழே இருக்கும் உப்புத் தண்ணீர் மேல் மூடி போட்டது போல மெல்லிய அடுக்காக நின்றுவிடும். காற்று எவ்வளவு அடித்தாலும் இந்த அடுக்கைக் கலக்கிக் கீழே இருக்கும் குளிர்ந்த தண்ணீரை மேலே கொண்டுவருவது கஷ்டம். இதனால் இரண்டு விளைவு. கீழே இருக்கும் சத்து மேலே வராது, அதனால் வங்காள விரிகுடா அரபிக்கடல் அளவுக்கு நுண்பாசி விளையும் கடல் இல்லை. கேரளக் கரையில் தென்மேற்குப் பருவக்காற்றின்போது ஆழத்துத் தண்ணீர் மேலே ஏறுவதால் மத்தி அள்ளும் அளவுக்கு வளம் வருகிறது, நம் பக்கம் அந்த அளவு இல்லை. மறுபுறம், ஆறுகள் பாறையிலிருந்து கரைத்து எடுத்து வரும் சிலிக்காவைக் கொண்டு ஓடு கட்டிக்கொள்ளும் நுண்பாசிகளும் இங்கே உண்டு.

இரண்டாவது விளைவு உங்கள் மாவட்டத்துக்கே வந்து சேர்ந்தது. மேல் அடுக்கு கலங்காமல் நிற்பதால் வெயிலின் சூடு அதிலேயே தங்குகிறது, மழைக்காலம் முடிந்தும் தண்ணீர் 28 டிகிரியை ஒட்டியே இருக்கும். புயல் உருவாக மேலே 50 மீட்டர் அளவுக்காவது 26.5 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும் என்பது கணக்கு, இங்கே அது அநேகமாக எப்போதும் கிடைக்கிறது. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயல் உள்ளே வந்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழையைக் கொட்டியதும், ஏரி நிரம்பி வழிந்து சாலையில் நின்ற வண்டிகளை இழுத்துக்கொண்டு போனதும் உங்களுக்கு நினைவிருக்கும். அந்த மழைக்கான ஈரமும், புயலுக்கான பலமும் கடலின் அந்த மேல் அடுக்கிலிருந்து வந்தவை. கடலிலிருந்து இவ்வளவு தூரத்தில் இருக்கிறோம், நமக்கு என்ன என்று இருந்துவிட முடியாது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

இந்த அடுக்குக்குக் கீழே சுமார் 100, 200 மீட்டரில் ஆரம்பித்து ஆக்சிஜன் மிகக் குறைந்த ஒரு பகுதி வருகிறது, அரபிக்கடலில் அது 1,000 மீட்டர் வரை நீளும். மேலிருந்து விழும் கழிவை பாக்டீரியா தின்று ஆக்சிஜனைத் தீர்த்துவிடும், வடக்கே நிலம் அடைத்து நிற்பதால் புதுத் தண்ணீர் வருவதும் குறைவு. அதற்கும் கீழே போனால் மறுபடி ஆக்சிஜன் கூடும், முதல் பதிலில் சொன்ன அண்டார்டிகா தண்ணீர் உபயம். ஆழம் கூடக் கூட எல்லாம் குறையும் என்று நினைத்தால் இங்கே கணக்குத் தப்பும்.

மத்ஸ்யா 6000னு சொல்றாங்களே, அது என்ன? அங்கே போய் என்ன பண்ணப்போறோம்?
– தொழிற்சாலை ஊழியர், ஓசூர்

மனிதர்களை 6,000 மீட்டர் ஆழத்துக்கு இறக்க, சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம் உருவாக்கும் கலம் அது. 2021இல் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்த 4,077 கோடி ரூபாய் ஆழ்கடல் திட்டத்தின் ஒரு பகுதி. மூன்று பேர் உட்காரும் ஒரு உருண்டைதான் அதன் உயிர்: விட்டம் 2.1 மீட்டர், டைட்டானியம், சுவரின் தடிமன் 80 மில்லிமீட்டர். உலோக வேலை தெரிந்தவர் என்பதால் உங்களுக்கு இது புரியும், 600 மடங்கு அழுத்தம் தாங்கும்படி டைட்டானியத்தைப் பற்றவைப்பதுதான் இதில் கஷ்டமான வேலை. உருண்டை வடிவம் எதற்கு என்றால், எல்லாப் பக்கமும் அழுத்தம் சமமாகப் பரவும், பலவீனமான மூலை இருக்காது. வழக்கமாக 12 மணி நேரம், அவசரம் என்றால் 96 மணி நேரம் உள்ளே உயிர் தாங்க ஏற்பாடு இருக்கிறது. 2025 தொடக்கத்தில் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் தண்ணீரில் இறக்கிச் சோதித்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் இந்தியர்கள் இரண்டு பேர் பயிற்சியாக, பிரான்ஸ் நாட்டின் நோட்டில் கலத்தில் அட்லாண்டிக்கில் 4,025 மீட்டரும் 5,002 மீட்டரும் இறங்கி வந்தார்கள். 1960 ஜனவரி 23இல் ஜாக் பிக்கார்டும் டான் வால்ஷும் டிரியெஸ்ட் கலத்தில் மரியானா அகழியின் அடிக்கே போய் வந்தார்கள் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும், அறுபது வருஷத்துக்கு முந்தைய தொழில்நுட்பத்தில்!

அங்கே என்ன வேலை என்பது முக்கியமான கேள்வி. இந்தியப் பெருங்கடலின் நடுப்பகுதியில் 75,000 சதுர கிலோமீட்டரில் ஆய்வு செய்யும் உரிமை இந்தியாவுக்கு இருக்கிறது. 5,000, 6,000 மீட்டர் ஆழத்துத் தரையில் உருளைக்கிழங்கு அளவில் உலோகக் கட்டிகள் சிதறிக் கிடக்கின்றன. மாங்கனீசு, நிக்கல், தாமிரம், கோபால்ட் எல்லாம் அவற்றில் உண்டு. ஒரு கட்டி சில மில்லிமீட்டர் வளர பத்து லட்சம் ஆண்டுகள் ஆகும். என் நிலைப்பாட்டை நேரடியாகச் சொல்லிவிடுகிறேன்: ஆளை இறக்கிப் பார்ப்பது, படமெடுப்பது, மாதிரி எடுப்பது எல்லாவற்றுக்கும் முழு ஆதரவு. அள்ளி எடுக்கும் சுரங்க வேலைக்கு நான் எதிர்ப்பு, குறைந்தபட்சம் இன்றைக்கு. 1989இல் பெருவுக்கு அப்பால் பசிபிக் அடியில் சோதனைக்காகத் தரையை உழுது பார்த்தார்கள், 26 ஆண்டுகள் கழித்துப் போய்ப் பார்த்தபோது உழுத தடம் அப்படியே இருந்தது, உயிர்களும் பழையபடி திரும்பியிருக்கவில்லை. சாப்பாடு நூற்றில் ஒன்று வந்து சேரும் இடம் அது, அங்கே காயம் ஆறுவதும் அந்த வேகத்தில்தான் நடக்கும். கிரானைட் எடுத்த குவாரிக் குழிகள் நம் மாவட்டத்தில் எத்தனை வருஷமாக அப்படியே கிடக்கின்றன என்று உங்களுக்கே தெரியும், இத்தனைக்கும் நம் குழிகளில் மழை பெய்கிறது, விதை விழுகிறது.

மனுஷனுக்கு டைட்டானியம் வேணும்னா திமிங்கலம் எப்படிச் சும்மா இறங்கிட்டு வருது? அதுவும் காத்துதானே சுவாசிக்குது?
– ஆசிரியை, ஊத்தங்கரை

காற்றுதான் டீச்சர், ஆனால் அந்தக் காற்றை நுரையீரலில் வைத்துக்கொண்டு இறங்குவதில்லை. ஆழத்தில் அதன் நெஞ்சுக்கூடு மடங்கிக்கொடுக்கும், நுரையீரல் சுருங்கி மூடிக்கொள்ளும், அதனால் அமுங்குவதற்குக் காற்று அடைத்த இடம் மிஞ்சாது. ஆக்சிஜனை ரத்தத்திலும் தசையிலும் சேமித்து வைக்கிறது, தசையில் மயோகுளோபின் என்ற புரதம் நம்மைவிடப் பல மடங்கு அதிகம், இறைச்சியே கருஞ்சிவப்பாக இருக்கும். இதயத் துடிப்பையும் குறைத்துக்கொள்ளும். நுரையீரல் மூடியிருப்பதால் நைட்ரஜன் ரத்தத்தில் அதிகம் கரையாது. சிலிண்டர் காற்றோடு ஆழத்தில் நேரம் கழித்துவிட்டு அவசரமாக மேலே வருபவர்களுக்கு நைட்ரஜன் ரத்தத்தில் குமிழி விட்டு மூட்டு வலி, பக்கவாதம் வரை கொண்டுபோகும், திமிங்கலத்துக்கு அந்த ஆபத்து ரொம்பக் குறைவு. 2014இல் வெளியான பதிவின்படி கலிபோர்னியாவுக்கு அப்பால் குவியர் அலகுத் திமிங்கலம் ஒன்று 2,992 மீட்டர் இறங்கித் திரும்பியிருக்கிறது. துடுப்பில் பொருத்திய கருவி செயற்கைக்கோள் வழியாக அனுப்பிய அளவு அது.